என் அம்மா தெருவில் இத்தோ ஓடினாள்

என் ஓரகத்தி இத்தோவைப் பற்றி எங்கள் சொந்தத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். எஸ்ஸவீராவில் இருக்கும் பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசுவாள். வுஜ்தாவில் இருக்கும் மாமா, "இந்தக் குடும்பத்துல எங்களை நெனச்சுப் பாக்கிறவ அவ ஒருத்திதான்" என்பார். அதையெல்லாம் கேட்டுவிட்டு என்னிடம் வாருங்கள். மெக்னெஸில் அந்தக் குடும்பத்தின் மூத்த மருமகள் நான். என் பெயர் கல்தூம். நான் உள்ளதைச் சொல்கிறேன். இத்தோ யாரையும் நினைத்துப் பார்த்ததில்லை. நெடுந்தூர ஓட்டப் பந்தயம் எந்த ஊரில் நடக்கிறது என்று முதலில் பார்ப்பாள். அந்த ஊரில் நமக்கு யார் இருக்கிறார்கள் என்று பிறகு பார்ப்பாள்.

சொந்தக்காரர் இருக்கும் ஊரில் போய் விடுதியில் தங்க முடியுமா? நாம் பெட்டியைத் திறப்பதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். ஆயுளுக்கும் அதே பேச்சாக இருக்கும். அதனால் இத்தோ ஓடப் போகும் ஊரிலெல்லாம் குடும்பத்தோடு போய் யார் வீட்டிலாவது இறங்குவாள். கணவன், இரண்டு பெண் பிள்ளைகள், மாமியார், பூ போட்ட பையில் அவளுடைய ஓடுகிற ஷூ. கேட்டால் சொந்தபந்தத்தைப் பார்க்க வந்தோம் என்பாள். அந்தச் சொந்தபந்தமும் அதை நம்பும். எனக்குத்தான் வயிறு எரியும்.

இத்தோ மலைக்காரி. அஸ்ரூவுக்கு மேலே, பனி விழும் ஊர். அப்பாவுக்கு ஆடுதான் சொத்து. மந்தை ஒரு சரிவில் நிற்கும், பள்ளிக்கூடம் இன்னொரு சரிவில் இருக்கும், இரண்டுக்கும் நடுவில் ஓடி ஓடியே வளர்ந்தவள். பள்ளியில் படிக்கும்போது மாவட்டப் பந்தயத்தில் ஜெயித்து ஒரு தையல் இயந்திரம் வாங்கினாளாம். தைக்கத் தெரியாது, அதை அக்காளுக்குக் கொடுத்துவிட்டாளாம். என் கொழுந்தன் முஹ்சினைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, தேநீர்த் தட்டைக் கொண்டுவரும் நடையிலேயே ஒரு அவசரம் இருந்தது. இப்போது ஒரு பள்ளி விடுதியில் சமைக்கிறாள். பெரிய அண்டாவில் பருப்பு கிண்டிக் கிண்டி அவள் தோளைப் பார்த்தால் ஆம்பிளைத் தோள் மாதிரி இருக்கும்.

இரண்டாவது பெண் பிறந்த பிறகு அவள் கொஞ்ச காலம் யாரிடமும் பேசவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் விடியற்காலையில் ஸ்வானிக் குளக்கரைக்குப் போனாள். அது பெரிய குளம், ஒரு சுற்று வந்தால் மூச்சு வாங்கும். திரும்பி வரும்போது ஏதோ மலைப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். முஹ்சின் அன்றைக்கே அவளுக்கு ஓடுகிற ஷூ வாங்கிக் கொடுத்தான். எனக்கும்தான் பிள்ளைகள் பிறந்தன. நான் சுவரைப் பார்க்கவில்லை, சட்டியைப் பார்த்தேன். எனக்கு யார் என்ன வாங்கிக் கொடுத்தார்கள்?

முதலில் மாமியார் லல்லா பத்தூல் ஒரேயடியாகக் குதித்தாள். "பொம்பள ரோட்டுல ஓடறதா? திருடன் துரத்தறானா, நாய் துரத்துதா?" என்று கேட்டாள். அப்போது எனக்கு வாயெல்லாம் பல். ஆனால் அந்த மலைக்காரி சும்மா இருப்பாளா? முஹ்சின் கடைகளுக்கு முட்டை போடும் வேன் வைத்திருக்கிறான். அதில் முன் சீட்டை லல்லா பத்தூலுக்குக் கொடுத்து, முதுகுக்குத் தலையணை வைத்து, எஸ்ஸவீராவுக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பெரியம்மா வீட்டில் இறக்கினாள். அக்காளும் தங்கையும் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. கட்டிப் பிடித்து அழுதார்களாம். அதோடு மாமியார் மயங்கிவிட்டாள். இப்போது அவளே, "அடுத்த பந்தயம் எங்கடி? அந்தப் பக்கம் எனக்கு ஒரு சித்தப்பா மகன் இருக்கானே" என்று எடுத்துக் கொடுக்கிறாள்.

அடுத்தவர் வீட்டில் தங்கிக்கொண்டு அவள் பயிற்சி எடுத்த விதத்தைச் சொல்கிறேன் கேளுங்கள். விடியற்காலையில் பாங்கு சொல்வதற்கு முன்பே எழுந்துவிடுவாள். ஓடுகிற கால்சட்டைக்கு மேலே தலைமுக்காடு வைத்த நீள அங்கியான ஜெலாபாவைப் போட்டுக்கொள்வாள். முந்தின இரவே மாவு பிசைந்து வைத்திருப்பாள். ரொட்டிகளைப் பலகையில் அடுக்கி, துணி போட்டு மூடி, தலையில் வைத்துக்கொண்டு தெருவின் பொது அடுப்புக்குப் போவாள். அடுப்புக்காரரிடம் பலகையைக் கொடுத்து, ஜெலாபாவைக் கழற்றி அங்கே ஆணியில் மாட்டுவாள். ரொட்டி வேகும் வரை ஓடுவாள். திரும்பி வந்து ஜெலாபாவை மாட்டிக்கொண்டு சுடச்சுட ரொட்டியோடு வீட்டுக்குள் நுழைவாள். முகம் சிவந்திருக்கும்.

எஸ்ஸவீராப் பெரியம்மா என்ன நினைத்தாள் தெரியுமா? இந்தப் பெண் தினமும் பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுதுவிட்டு, வரும் வழியில் ரொட்டியும் சுட்டுக்கொண்டு வருகிறாள் என்று நினைத்தாள். முகத்தில் இருந்த சிவப்பை அவள் தொழுகையின் ஒளி என்று எடுத்துக்கொண்டாள். அதை மெக்னெஸுக்குப் போன் போட்டு என்னிடமே சொன்னாள்.

"கல்தூம், இப்படி ஒரு பொண்ணை நான் பாத்ததே இல்லடி. மூஞ்சில அப்படியொரு நூர்!"

"அது வேர்வை, பெரியம்மா."

"சீ, வாயைக் கழுவு."

பிறகு, ஓடி முடித்த எல்லோருக்கும் கொடுக்கிற பதக்கத்தைப் பார்த்து விஷயம் தெரிந்தபோதாவது கோபப்பட்டாளா? இல்லை. "எங்களைப் பாக்க வந்த எடத்துல புள்ள கொஞ்சம் ஓடிட்டும் வந்துச்சு" என்றாள். ஓட வந்த இடத்தில் உங்களைப் பார்த்தாள் பெரியம்மா என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லி என்ன ஆகப் போகிறது? நல்ல பெயரையெல்லாம் அவள் மொத்தமாகத் தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நான் எந்தப் பயணத்துக்கும் போனதில்லை. என் கணவர் ஜிலாலிக்கு ஆலிவ் கடை. மதியச் சாப்பாடு நேரத்துக்கு வந்தாக வேண்டும். வீட்டை யாராவது ஒருத்தி பார்க்க வேண்டாமா? எல்லோரும் வேனில் ஏறிப் போனால் கதவை யார் பூட்டுவது? ஜிலாலி, "நீயும் போயேன், நான் ரெண்டு நாள் முட்டை பொரிச்சுத் தின்னுக்கறேன்" என்று சொல்வார். அப்படிச் சொன்னால் போய்விட முடியுமா? அவர் இன்னும் இரண்டு முறை வற்புறுத்த வேண்டாமா?

"உனக்குப் பொறாமை" என்றார் ஒரு தடவை, ஆலிவுக்கு எலுமிச்சை நறுக்கிக்கொண்டே.

"ஆமா, பொறாமைதான். அதுக்கென்ன இப்போ?" என்றேன். அவர் அதற்குப் பிறகு எலுமிச்சையை மட்டும் பார்த்தார்.

இப்படியே முஹ்சின் பக்கத்துச் சொந்தமெல்லாம் தீர்ந்தது. தீரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அடுத்து அவள் கண் எங்கே விழும் என்று நான் யோசிக்கவில்லை. போன வசந்த காலத்தில் ஒரு நாள், பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க அம்மா ஸஃபியிலதானே இருக்காங்க?"

எனக்கு மூக்கில் வியர்த்தது. "ஏன்?"

"அங்க அரை மாரத்தான் வருது. கடலோரமா கோட்டைலேர்ந்து கலங்கரை விளக்கம் வரைக்கும் போய்த் திரும்பறது. நல்ல மேடு இருக்காம். மேடுன்னா எனக்கு ஆகும்."

"எங்கம்மா வீடு சின்னது. அவங்களுக்கு முழங்கால் வலி வேற. இத்தனை பேருக்குப் பொங்கிப் போட முடியாது."

"நான் பொங்கிப் போடறேன் அக்கா."

அதுதானே எனக்குப் பயம். மாமியாரை எடுத்துக்கொண்டாய். பெரியம்மாவை, மாமாவை, சித்தப்பா மகனை எல்லாம் எடுத்துக்கொண்டாய். போகட்டும், அவர்கள் கல்யாணத்தால் வந்த சொந்தம். யம்னா என் அம்மா. என்னைப் பெற்றவள். அவளையும் ரொட்டிப் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து மயக்கிவிட்டால் எனக்கு என்று யார் மிச்சம்?

வெள்ளிக்கிழமை தோறும் நான் அம்மாவுக்குப் போன் செய்வேன். அந்த வெள்ளிக்கிழமை நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் ஆரம்பித்துவிட்டாள். லல்லா பத்தூல் பேசினாளாம். எல்லோரும் வருகிறார்களாம். வாசலுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லியாயிற்றாம். அவள் குரல் அப்படித் துள்ளி நான் கேட்டதே இல்லை.

"நீயும் வருவியா கல்தூம்?" என்று கேட்டாள்.

"நான் வராம? என் அம்மா வீட்டுக்கு நான் வராம யாரு வருவா?" என்றேன். ஜிலாலி முட்டை பொரித்துத் தின்னட்டும் என்று விட்டுவிட்டேன். காவலுக்காவது நான் போயாக வேண்டும்.

முட்டை வேனில் நீங்கள் போயிருக்கிறீர்களா? தட்டுகளை இறக்கிவிட்டு பெஞ்சு போட்டாலும் அந்த வாடை போகாது. லல்லா பத்தூல் முன் சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். பின்னால் நான், இத்தோ, அவளுடைய பெண் பிள்ளைகள் இருவர். இத்தோ வழியெல்லாம் அவித்த உருளைக்கிழங்கைச் சீரகமும் உப்பும் தொட்டுத் தின்றுகொண்டு வந்தாள். பந்தயத்துக்கு முன்னால் அதுதான் சாப்பிடுவாளாம். வேன் நின்ற இடத்திலெல்லாம் இறங்கிக் காலை நீட்டி மடக்கினாள். லாரிக்காரர்கள் பார்த்தார்கள், அவளுக்கு என்ன. காசாபிளாங்காவைத் தாண்டியதும் எனக்குக் குமட்ட ஆரம்பித்தது. பிளாஸ்டிக் பையில் தலையை விட்டுக்கொண்டேன்.

என் நெற்றியைப் பிடித்துவிட்டவளும் இத்தோதான். "கண்ண மூடிக்குங்க அக்கா, மூச்ச வாய் வழியா விடுங்க" என்றாள். வேறு யாராவது பிடித்துவிட்டிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

ஸஃபியில் வேன் நின்றபோது மத்தி மீன் பொரிக்கும் வாசனை தெருமுனை வரை வந்தது. குயவர் மேட்டுக்குக் கீழே சரிவில் இருக்கிறது எங்கள் வீடு. அம்மா பச்சை ஜெலாபா போட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் தட்டு, தட்டில் பால் கிண்ணங்கள், பேரீச்சம்பழம். புது மணமகளுக்கும் பெரிய விருந்தாளிக்கும் வாசலில் இப்படித்தான் கொடுப்போம். இத்தோவுக்கு இந்த மரியாதையா என்று எனக்குள்ளே பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அம்மா முதல் கிண்ணத்தை லல்லா பத்தூலுக்கு நீட்டினாள். இரண்டாவதை எனக்கு நீட்டினாள். பிறகுதான் இத்தோவுக்கும் முஹ்சினுக்கும். என் கிண்ணத்தில் ஆரஞ்சுப்பூ நீர் வாசனை இருந்தது. அவளுக்கு முந்தி எனக்கு! ஒரே மூச்சில் குடித்தேன், வயிறெல்லாம் குளிர்ந்தது. ஓரக்கண்ணால் இத்தோவைப் பார்த்தேன். அவள் பாட்டுக்குப் பேரீச்சங்கொட்டையைப் பிள்ளையின் வாயிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அம்மா மத்தி மீனை அரைத்து உருண்டை பிடித்து, தக்காளிச் சாற்றில் போட்டிருந்தாள். எல்லோரும் ஒரே பெரிய தட்டில் சாப்பிடுவது எங்கள் வழக்கம், அதில் நல்ல உருண்டைகளையெல்லாம் தன் கையாலேயே இத்தோவின் பக்கம் தள்ளித் தள்ளி வைத்தாள். மறுநாள் ஓட வேண்டியவள் அத்தனை காரம் தின்னக் கூடாது, அது எனக்குக்கூடத் தெரியும். இத்தோ ஒன்றையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் தின்றாள், சாற்றை ரொட்டியால் துடைத்தும் தின்றாள். அம்மாவுக்கு முகம் மலர்ந்துபோயிற்று.

"நீ எப்பலேர்ந்து ஓடறே?" என்று அம்மா கேட்டாள்.

"சின்னதுலேர்ந்தும்மா. ஆட்டுக்குப் பின்னால."

"நானும் ஓடியிருக்கேன்" என்றாள் அம்மா.

நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

"மீன் பாக்டரியில வேல பாத்தேன்ல? படகு வந்ததும் சங்கு ஊதுவான். ஒவ்வொரு பாக்டரிக்கும் ஒரு சங்கு. எங்களது மாடு கத்தற மாதிரி இருக்கும். அது கேட்டதும் இந்தச் சரிவுல இறங்கி ஓடுவோம் பாரு, அத்தனை பொம்பளைங்களும்! முந்தி வர்றவளத்தான் உள்ள விடுவான், மத்தவ திரும்பிப் போகணும். ஒருநாளும் நான் திரும்பிப் போனதில்ல. இந்தக் கல்தூம் வயித்துல இருக்கும்போதுகூட, ஒரு கையால வயித்தப் புடிச்சுக்கிட்டு ஓடியிருக்கேன். இவ உள்ள ஒதைப்பா. ஒதைடி, நான் நிக்கமாட்டேன்னு ஓடுவேன்."

இத்தோ கைதட்டிச் சிரித்தாள். பிள்ளைகள் சிரித்தன. லல்லா பத்தூல், "அல்லாஹ்வே!" என்று வாயில் கைவைத்தாள். நான் தேநீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தேன். என் வயசுக்கு நான் இதைக் கேட்டதே இல்லை. என் கதை இது. நான் உள்ளே இருந்திருக்கிறேன். இதை இவளிடம் போய்ச் சொல்கிறாள்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?" என்றேன்.

"நீ எங்கடி கேட்டே? போன்ல மருந்து சாப்பிட்டியா, மழ பேஞ்சுதான்னு கேப்பே. நானும் சாப்பிட்டேன், பேஞ்சுதுன்னு சொல்வேன்."

காலையில் இத்தோவும் முஹ்சினும் பிள்ளைகளும் மாமியாரும் கோட்டைக்குப் போய்விட்டார்கள். அம்மா பாலைக் காய்ச்சி ஆறவைத்தாள். அதே தட்டில் கிண்ணத்தை வைத்தாள்.

"யாருக்கும்மா?"

"நம்ம தெருமுனை வழியாத்தானே ஓடப் போறா. வாசலுக்கு வந்தவளுக்குக் குடுத்தேன், தெருவுல ஓடறவளுக்குக் குடுக்க வேணாமா?"

"அம்மா, ஓடறவங்களுக்குப் பால் ஆகாது. வயித்தைப் புடிச்சுக்கும். அவ நிக்கவும் மாட்டா."

"நீ அவளப் பத்தி ரொம்பத் தெரிஞ்ச மாதிரி பேசாதே" என்று தட்டை எடுத்துக்கொண்டு முழங்கால் வலியோடு புறப்பட்டுவிட்டாள்.

நானும் பின்னாலேயே போனேன். மனதுக்குள் சந்தோஷமாகத்தான் போனேன், மறைப்பானேன். இத்தோ நிற்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஓடும்போது அவளுக்குப் பெற்ற பிள்ளை கூப்பிட்டாலும் காதில் விழாது என்று முஹ்சினே சொல்லியிருக்கிறான். முதல் மூன்று பெண்களை மேடையில் ஏற்றிப் பெயர் சொல்லுவார்கள். இத்தனை ஊரில் ஓடியும் இவள் ஒரு முறைகூட மேடை ஏறியதில்லை. அதற்காகத்தான் இந்த மேட்டுப் பந்தயத்தைத் தேடிப் பிடித்திருந்தாள். அப்படிப்பட்டவள் ஒரு கிண்ணம் பாலுக்காக நிற்பாளா? தட்டை நீட்டிய என் அம்மாவைத் தாண்டி விர்ரென்று போய்விடுவாள். அம்மாவுக்கு முகம் விழுந்துபோகும். அவள் வந்தது உன்னைப் பார்க்க இல்லை, ஓடத்தான் என்று அப்போது தெரியும். அப்போது நான் அம்மாவின் தோளைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவேன்.

முதலில் ஆண்கள் வந்தார்கள். பிறகு ஒரு மெலிந்த பெண், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. மூன்றாவதாக மேட்டில் ஏறி வந்தவள் இத்தோ. எனக்கு ஒரு கணம் அடையாளமே தெரியவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது, கண் எங்கேயோ இருந்தது. வீட்டில் நாங்கள் பார்க்கும் முகம் அது இல்லை. அவ்வளவு அழகாக அவள் இருப்பாள் என்று எனக்குத் தெரியாது. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

அம்மா சாலைக்குள் ஓரடி எடுத்து வைத்துத் தட்டை நீட்டினாள். குலவை விட்டாள். வயதான குலவை, நடுவிலேயே உடைந்தது. இத்தோ தாண்டிப் போனாள். எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் நாலைந்து தப்படி தள்ளி நின்றாள். திரும்பி நடந்து வந்தாள். இரண்டு கையாலும் கிண்ணத்தை வாங்கி, பிஸ்மில்லா சொல்லி, முழுவதும் குடித்தாள். ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அம்மாவின் தலையில் முத்தம் வைத்தாள். அவள் முத்தம் வைத்துக்கொண்டிருக்கும்போதே சிவப்புச் சட்டைக்காரி ஒருத்தி கடந்து போனாள், பின்னாலேயே இன்னும் ஒருத்தி போனாள். இத்தோ வாயில் பழத்தோடு ஓட ஆரம்பித்தாள்.

அம்மா காலிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஒரு சொட்டு மிச்சம் வைக்கல பாத்தியா" என்றாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இத்தோ மதியத்துக்கு மேல் வீட்டுக்கு வந்தபோது முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கலங்கரை விளக்கத்தில் திரும்பியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டதாம், சுவரோரம் இரண்டு முறை உட்கார்ந்தாளாம். எத்தனையாவதாக வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அதை முஹ்சின் என்னிடம் தனியாகச் சொன்னான். அம்மாவிடம் அவள், "நீங்க குடுத்த பால்தாம்மா என்னைக் கடைசி வரைக்கும் கொண்டு போச்சு" என்று சொன்னாள்.

அவள் முற்றத்துக் குழாயில் கால் கழுவும்போது பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏன்டி நின்னே? மூணாவதா போயிக்கிட்டிருந்தியே."

"அவங்க கை நடுங்குச்சு அக்கா. தட்டு ஆடுச்சு. தாண்டித்தான் போனேன், போக முடியல." பிறகு குனிந்து விரலிடுக்கைத் தேய்த்துக்கொண்டே, "மேடையில ஏறியிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன். திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அம்மா என் முதுகுக்குப் பட்டுத் தலையணை கொண்டுவந்து வைத்தாள். சிறிய மேசையை என் முன்னால் இழுத்துப் போட்டாள். நான் எழுந்தபோது, "நீ உக்காருடி, நீ எந்திரிக்காதே" என்று தோளை அழுத்தினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்தபடியாக இத்தோவைப் பார்த்து, "ஏய், அடுப்புல சூப் இருக்கு, நீயே போய் ஊத்திக்கோ. எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டா. வரும்போது அந்த ஜன்னலைச் சாத்திட்டு வா" என்றாள்.

பார்த்தாயா, எனக்குத் தலையணை, உனக்கு எடுபிடி வேலை என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். லல்லா பத்தூல் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன அத்தை சிரிக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. உங்கம்மா உன்னை நல்லா விருந்தாளியாக்கிட்டா. நேத்து வாசல்லயே பாத்தேன். பெத்த பொண்ணுக்கு எங்கயாச்சும் வாசல்ல நின்னு பால் குடுப்பாங்களா?"

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத்தான் முதுகில் அந்தத் தலையணை முள்ளாகிவிட்டது. நான் கடைசியாக இந்த வீட்டுக்கு வந்தது எப்போது? அப்பாவின் அடக்கத்துக்கு. அதற்குப் பிறகு ஒரு பெருநாளைக்கு. எழுந்து சமையலறைக்குப் போனேன். நானும் சூப் ஊற்றுகிறேன், இது என் அம்மாவின் அடுப்பு. மூடியைத் திறந்தேன். கரண்டியைத் தேடினேன். நான் பிள்ளையாக இருந்தபோது கரண்டி தொங்கிய ஆணியில் இப்போது ஒரு பிளாஸ்டிக் வடிகட்டி தொங்கியது. இழுப்பறையைத் திறந்தேன், மருந்துச் சீட்டுகள் இருந்தன. அலமாரியைத் திறந்தேன், அங்கேயும் இல்லை.

"அந்தத் துணிக்குப் பின்னால அக்கா, ஜன்னல் பக்கம்" என்றாள் இத்தோ, கிண்ணங்களைக் கழுவிக்கொண்டே. நேற்று வந்தவள்.

அந்தக் கோடையில் ஸஃபியில் எந்தப் பந்தயமும் இல்லை. நான் ஜிலாலியிடம் முட்டைத் தட்டைக் கொடுத்துவிட்டு, பேருந்து ஏறித் தனியாகப் போனேன். வழியில் இரண்டு பையை நிரப்பினேன், நெற்றியைப் பிடிக்க யாரும் இல்லை. அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் தட்டு, தட்டில் பால். என்ன செய்வது, குடித்தேன். ஆரஞ்சுப்பூ நீர் அன்றைக்குக் கசந்தது. மழைக்காலத்துக்கு முன்னால் மறுபடியும் போனேன். அப்போதும் பால்தான், பட்டுத் தலையணைதான். நான் வீம்புக்குப் பாத்திரம் கழுவினேன், அவள் வீம்புக்குப் பிடுங்கினாள். மாதுளை வந்ததும் மறுபடியும் போனேன். இப்போதெல்லாம் ஜிலாலி, "எந்த ஊர்ல பந்தயம்?" என்று என்னைக் கேலி செய்கிறார்.

போன மாதம் போனபோது வாசலில் யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. தட்டினேன், மறுபடியும் தட்டினேன். முழங்கை வரை மாவோடு அம்மா கதவைத் திறந்தாள். தட்டு இல்லை, பால் இல்லை.

"எவ்வளவு நேரம்டி? பஸ்ஸு எப்பவோ வந்திருக்குமே. சும்மா நிக்காதே, பலகையில ரொட்டி ரெடியா இருக்கு, அடுப்புக்கு எடுத்துட்டுப் போ. அவன் சாத்திடுவான்."

பையை அப்படியே போட்டேன். பலகையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டேன். அந்தச் சரிவில் இறங்கினேன். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் ஓடினேன். அதிகமில்லை, ஐந்தாறு வீடு தூரம். துணி நழுவியது, மூச்சு முட்டியது, சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அடுப்புக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யம்னா வீட்டுப் பொண்ணா?" என்று கேட்டார். "ஆமா, யம்னா பொண்ணு" என்றேன்.

சுடச்சுட ரொட்டியோடு திரும்பி வந்தேன். என் முகமும் சிவந்திருக்க வேண்டும். அம்மா துணியை விலக்கி, ஒரு ரொட்டியை எடுத்துத் தட்டிப் பார்த்து, பிட்டு என் கையில் கொடுத்தாள். அப்புறம் என் தோளுக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்தாள்.

"இத்தோ வரலையா?"

"இல்லம்மா" என்றேன். "நான் வந்திருக்கேன்."